கடல்மேல் அஞ்சலி: எதிர்வெளிச்சத்திலும் முகம் தெரிய வேண்டும்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் உயிர் இழந்தவர்களுக்காக, ஆண்டுதோறும் அந்த நாளில் சோழமண்டலக் கரையின் மீனவ ஊர்களில் கடலில் பால் ஊற்றிப் பூத் தூவுகிறார்கள். சில ஊர்களில் கரையில் நின்றே செய்கிறார்கள், சில ஊர்களில் படகில் போய்ச் செய்கிறார்கள். அதைப் படமெடுப்பது பற்றி வந்த கேள்விகளையும், வெளிநாட்டில் இருக்கும் வாசகர் இருவர் நீர்மேல் நடக்கும் வேறு அஞ்சலிகள் பற்றிக் கேட்டவற்றையும் இந்த இதழில் சேர்த்திருக்கிறோம்.

எல்லா பதில்களுக்கும் பொதுவாக ஒன்று. எதிரே சூரியன் இருக்கும்போது மனிதர்களைக் கறுப்பு நிழலுருவாக எடுப்பது எளிது. அட்டைப் படத்துக்கும் அது பொருந்தும். ஆனால் பிள்ளையை இழந்த ஒரு தாய்க்கு அந்தப் படத்தில் எதுவும் இல்லை. அவர் தன்னையும், தன்னோடு நின்றவர்களையும் அதில் பார்க்க முடியாது. அதனால் முகத்தைக் காப்பாற்றும் வழிகளைத்தான் இங்கே சொல்கிறோம்.

கேள்வி: கரையில் நின்று கடலைப் பார்த்து எடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் வானம் நன்றாக வருகிறது, ஆட்கள் எல்லாரும் கரியாகிவிடுகிறார்கள். கேமராவில் எதை மாற்ற வேண்டும்? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: முதலில் கேமராவை விட்டுவிட்டு நிற்கும் இடத்தை மாற்றுங்கள். நாகைக் கரை நேர்கிழக்கு நோக்கியது. டிசம்பர் கடைசியில் சூரியன் நேர்கிழக்கில் உதிப்பதில்லை. சுமார் 24 டிகிரி தெற்கே தள்ளி, தென்கிழக்கில் உதிக்கிறது. நாகையில் அன்று உதயம் ஏறக்குறைய 6.26, சென்னையில் 6.29. ஒன்பது மணிக்குள் சூரியன் இன்னும் தெற்கே நகர்ந்து, அடிவானத்திலிருந்து 32 டிகிரி உயரத்துக்கு வந்துவிடும்.

இதன் பொருள் என்ன? கடலைப் பார்த்து நிற்பவரின் வலப்பக்கம் தெற்கு. வெளிச்சம் அவருடைய வலக்கன்னத்தில் விழுகிறது. கூட்டத்தின் தெற்கு முனைக்குப் போய், நீர்விளிம்பில் நின்று, வடக்கு அல்லது வடமேற்கு பார்த்து எடுத்தால் வெளிச்சம் பட்ட முகங்கள் வரிசையாகக் கிடைக்கும். பின்னணியில் நுரையும் கரையோரப் படகுகளும் வரும். வடக்கு முனையில் நின்றால் அதே முகங்களின் நிழல்பக்கம்தான் கிடைக்கும். ஐம்பது அடி நடப்பதில் கிடைக்கும் இந்த வேறுபாட்டை எந்த மென்பொருளும் பிறகு தந்துவிடாது.

இரண்டு எச்சரிக்கைகள். ஏழேகால் மணிக்குச் சூரியன் சுமார் 10 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அப்போது உங்கள் நிழல் கிட்டத்தட்ட பத்து மீட்டர் நீளும். சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கும்போது அந்த நிழல் மேடை மீதோ பால்குடத்தின் மீதோ விழுந்து கிடக்கிறதா என்று பாருங்கள். விழுந்தால் இரண்டு எட்டு பக்கவாட்டில் நகருங்கள். அடுத்தது, வடகிழக்குப் பருவமழையின் கடைசிக் காலத்தில் கடல் அடங்கியிருக்காது. வியூஃபைண்டரில் கண் வைத்துக் கடலுக்கு முதுகு காட்டி நிற்பது ஆபத்து. கணுக்கால் அளவு நீருக்கு மேல் இறங்காதீர்கள். அலையைப் பார்த்துச் சொல்ல பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடலைப் பார்த்து எடுத்தே ஆக வேண்டிய கட்டங்களும் வரும். பெண்கள் கரையைப் பார்த்துத் திரும்பி நடக்கும்போது, அல்லது படகுகள் புறப்படும்போது நீங்கள் சூரியனைப் பார்த்துத்தான் நிற்பீர்கள். அப்போது செய்ய வேண்டியது இது. உங்கள் உள்ளங்கையைக் கேமரா பக்கம் திருப்பி, புறங்கை சூரியனைப் பார்க்கும்படி பிடியுங்கள். ஸ்பாட் மீட்டரிங்கில் (ஒரு சிறு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் முறை) உள்ளங்கையை அளங்கள். காட்டும் அளவைவிட ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட்டி மேனுவலில் பூட்டிவிடுங்கள். யாருடைய தோல் நிறம் எதுவானாலும் உள்ளங்கை பொதுவாக, மீட்டர் அடிப்படையாகக் கொள்ளும் நடுச்சாம்பலைவிட ஒரு ஸ்டாப் வெளிறியது என்பதால் இந்தக் கணக்கு நம்பகமானது. முகத்தை நேராக ஸ்பாட்டில் அளந்தால் கருந்தோலை மீட்டர் அளவுக்கு மீறி வெளுக்கச் செய்யும். அப்படி அளந்தால் ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும்.

இந்த அளவில் வானம் வெளுக்கும், அதுதான் விலை. ரா ஃபைலில் (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) எடுத்தால் ஒன்றரை, சில கேமராக்களில் இரண்டு ஸ்டாப் வரை வானத்தை மீட்கலாம். அதற்கும் மேல் போனால் வானத்தையே படச்சட்டத்திலிருந்து வெட்டுங்கள். கேமராவைச் சற்றே தாழ்த்தினால் பின்னணி முழுவதும் கடலாகிவிடும். கடலிலும் பளபளப்பு எல்லா இடத்திலும் இல்லை. சூரியனுக்கு நேர்கீழே ஒரு பாதையாகத்தான் கிடக்கிறது. அந்தப் பாதையிலிருந்து முப்பது டிகிரி விலகினாலே நீர் கருநீலமாக இருக்கும். அந்த இருண்ட நீருக்கு முன்னால் முகம் வரும்படி நில்லுங்கள். நீரில் மின்னும் சிறு புள்ளிகள் வெளுத்துப்போனால் கவலை வேண்டாம், அவை வெளுக்கத்தான் செய்யும். பெரிய பரப்பு வெளுத்தால்தான் படம் கெடுகிறது.

கேள்வி: இந்த ஆண்டு ஃபைபர் படகில் என்னையும் ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஷட்டர் வேகம், லென்ஸ், எங்கே உட்காருவது எல்லாம் சொல்லுங்கள். (வாசகர், கடலூர்)

பதில்: எந்தப் படகு என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பால் ஊற்றும் படகிலேயே ஏறினால் எதிரே நான்கு பேரின் முதுகுதான் கிடைக்கும். பஞ்சாயத்தாரிடம் முன்கூட்டியே பேசி, ஊர்வலத்தோடு போகும் இன்னொரு படகில் இடம் கேளுங்கள். அந்தப் படகோட்டியிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: மற்றப் படகுகளுக்குத் தென்கிழக்கே, கடல் பக்கமாக, இருபது முப்பது மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அப்போது சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். கடலைப் பார்த்துப் பால் ஊற்றுகிறவர்களின் முகம் நேராக வெளிச்சத்தில். பின்னால் ஊரும் கரையும். கரையிலிருந்து எடுப்பவர் யாருக்கும் இந்தப் படம் கிடைக்காது.

அவர்களுடைய படகிலேயே இருக்க நேர்ந்தால் அணியத்தில் (படகின் முன்முனையில்) உட்கார்ந்து பின்பக்கம் பார்த்து எடுங்கள். படகின் உட்புறம் வெள்ளையாகவோ வெளிர்நீலமாகவோ இருந்தால் உங்களுக்கு நல்லது. ஏழரைக்கு மேல் வெயில் உள்ளே விழுந்து கீழிருந்து முகத்துக்கு எதிரொளி தரும். கீழே கிடக்கும் கறுப்புத் தார்ப்பாயைச் சுருட்டி வைத்தாலே முகநிழல் தெளியும்.

லென்ஸ்: 24-70 மி.மீ. ஒரு கேமராவில், 70-200 மி.மீ. இன்னொன்றில். ஒரே கேமரா என்றால் 24-105 அல்லது 24-120 போதும். நடுக்கடலில் லென்ஸ் மாற்றாதீர்கள். உப்புத்துளி சென்சார் மேல் விழுந்தால் அந்த நாள் முழுவதும் எல்லாப் படத்திலும் புள்ளி இருக்கும்.

ஷட்டர் வேகத்தை 1/1000-க்குக் கீழே இறக்க வேண்டாம். இரண்டு படகுகள் வெவ்வேறு தாளத்தில் ஆடுகின்றன, டீசல் இன்ஜினின் அதிர்வு வேறு. முழங்கையைப் படகின் விளிம்பில் ஊன்றாதீர்கள், முதுகைச் சாய்க்காதீர்கள். அதிர்வு நேராகக் கேமராவுக்கு ஏறும். குறுக்குப் பலகையில் உட்கார்ந்து, இடுப்பைத் தளர்த்தி, முழங்கைகளை விலாவோடு ஒட்டிப் பிடியுங்கள். ட்ரைபாட் படகில் ஒன்றுக்கும் உதவாது. முடிந்தால் பால் ஊற்றும் அந்த இரண்டு நிமிடம் இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்களே நிறுத்திவிடுவார்கள்.

தொடக்க அளவுகள் (எஃப் லென்ஸின் திறப்பு, அடுத்தது ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. ஒளியுணர்வு): உதயத்துக்குக் கால் மணி முன்பு, எஃப் 2.8, 1/250, ஐ.எஸ்.ஓ. 3200. அந்த மங்கலில் மட்டும் ஷட்டர் வேகத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், அதனால் அகலக் கோணத்தில் எடுங்கள். ஆறே முக்காலுக்கு வெளிச்சம் பட்ட முகங்களுக்கு எஃப் 5.6, 1/1000, ஐ.எஸ்.ஓ. 800 முதல் 1600 வரை. எட்டரைக்கு எஃப் 8, 1/1000, ஐ.எஸ்.ஓ. 400. அதே எட்டரைக்கு நிழல்பக்க முகங்களுக்கு ஐ.எஸ்.ஓ.வை 1600-க்கு மேலும் ஏற்ற வேண்டிவரும். மேகம் வந்து போகும் காலையானால் மேனுவல் வைத்து ஐ.எஸ்.ஓ.வை மட்டும் ஆட்டோவில் விடலாம். ஆனால் பளபளப்புப் பாதை சட்டத்துக்குள் வந்ததும் ஆட்டோ ஏமாறும். படகு ஆட ஆட, ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும் வரும். அந்த நேரத்தில் ஐ.எஸ்.ஓ.வையும் கையால் பூட்டுங்கள்.

ஃபோகஸும் அங்கேதான் தடுமாறும். முகத்தை விட்டுவிட்டு நீரில் மின்னும் புள்ளிகளைப் பிடித்துக்கொள்ளும். பரந்த பகுதி ஃபோகஸை அணைத்து ஒற்றைப் புள்ளி அல்லது சிறு வட்டம் வையுங்கள். கண்ணைத் தேடும் வசதி கடும் எதிர்வெளிச்சத்தில் கைவிட்டால் நெற்றிக்கும் தலைமுடிக்கும் இடைப்பட்ட கோட்டில் வையுங்கள், அங்கே வேறுபாடு அதிகம்.

அலையைக் கவனியுங்கள். எதிர்ப்படகு பள்ளத்தில் இறங்கும்போது ஆட்களின் பாதி உடல் மறையும். மேட்டில் ஏறி நிற்கும் ஒரு நொடி இருக்கிறது. படகு கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும் நேரம் அதுதான். தொடர்ச்சியாக அழுத்திக்கொண்டே இருப்பதைவிட அந்த நொடிக்குக் காத்திருந்து நான்கைந்து எடுப்பது நல்லது. அடிவானம் சாயத்தான் செய்யும். சுற்றிலும் சற்று இடம் விட்டு எடுத்து வீட்டில் நிமிர்த்திக்கொள்ளுங்கள்.

கரையை விட்டு அலை முறியும் இடத்தைத் தாண்டும்வரை கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும், பை நீர்புகாததாக இருக்கட்டும். உயிர்காப்பு மேலங்கி அணியாமல் ஏறாதீர்கள். கழுத்துப் பட்டையை மேலங்கிக்கு வெளியே போடுங்கள். நீரில் விழுந்தால் உடனே கழற்றிவிட முடிய வேண்டும்.

கேள்வி: என்னிடம் போன் மட்டுமே இருக்கிறது. (வாசகர், சென்னை)

பதில்: போதும். முதலில் லென்ஸைத் துணியால் துடையுங்கள். கடற்கரையில் பத்து நிமிடம் நின்றாலே உப்புப் படலம் ஏறிவிடும், எதிர்வெளிச்சத்தில் அது முழுப் படத்தையும் பால்போல் மங்க வைக்கும். முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலை மேலோ கீழோ நகர்த்தி முகம் தெளியும்வரை கூட்டுங்கள். எச்.டி.ஆர். (பல வெளிச்ச அளவில் எடுத்து ஒரே படமாக்கும் வசதி) கரையில் இருப்பவர்களுக்கு உதவும். ஆடும் படகிலிருந்து வேகமாக அசையும் கைகளை எடுத்தால் சில போன்களில் விரல்கள் இரட்டையாக வரும், அங்கே அணைத்துவிடுங்கள். விரலால் இழுத்துப் பெரிதாக்காதீர்கள். போனில் தனி டெலி லென்ஸ் இருந்தால் அதன் 2 அல்லது 3 மடங்கோடு நிறுத்துங்கள். கழுத்தில் தொங்கும் பிளாஸ்டிக் நீர்ப்பை பாதுகாப்புக்குச் சரி, சூரியனைப் பார்த்து எடுக்க வேண்டாம். பிளாஸ்டிக்கின் ஒவ்வொரு கீறலும் படத்தில் ஒளிரும்.

கேள்வி: பால் ஊற்றுவதும் பூக்கள் மிதப்பதும் படத்தில் தெரிவதே இல்லை. போலரைசர் (எதிரொளியை வெட்டும் சுழல் ஃபில்டர்) வாங்கினால் சரியாகுமா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: பாலுக்குப் போலரைசர் வேண்டாம், பூவுக்கு வேண்டும். ஆனால் நேரம் பார்த்து.

வெள்ளைப் பால் வெள்ளைப் பளபளப்புக்கு முன்னால் மறைந்துபோகிறது. நிறம் தீட்டிய படகின் பக்கவாட்டு, கருநிறச் சட்டை, நிழலில் இருக்கும் நீர் இவற்றில் ஒன்றைப் பாலுக்குப் பின்னால் கொண்டுவாருங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் பாலின் விளிம்பு சுடர்விடும். 1/1000-இல் தாரை துளித்துளியாக உறையும், 1/125-இல் நூலாக நீளும். கரையில் நின்று எடுக்கும்போது 1/125 முயலலாம், படகில் முடியாது. குடம் சாயத் தொடங்கும்போது அழுத்துங்கள். முதல் தாரைதான் கனமானது, பிறகு மெலிந்துவிடும்.

மிதக்கும் பூ மறைவதற்குக் காரணம் நீர்மேல் விழும் வானத்தின் எதிரொளி. போலரைசர் அதை வெட்டும், ஆனால் நீர்ப்பரப்பைச் சுமார் 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான் முழுவதுமாக வெட்டும். சூரியப் பளபளப்புக்கும் இதே கணக்கு. உதய நேரத்தில் சூரியன் தாழ்ந்திருப்பதால் போலரைசரைச் சுழற்றியும் பயன் இருக்காது. ஒன்பது மணிக்குச் சூரியன் 32 டிகிரிக்கு வந்ததும் சுழற்றிப் பாருங்கள், பளபளப்பு அப்படியே அடங்கி, சாமந்தியும் ரோஜா இதழும் கடலின் பச்சையில் தனித்துத் தெரியும். விலை ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம். அதனால் ஆறரைக்குக் கழற்றிப் பையில் வையுங்கள், எட்டரைக்கு மேல் மாட்டுங்கள். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் போலரைசரையும் மறுபடி சுழற்ற வேண்டும். இதை மறந்துவிட்டுத்தான் பலர் அது வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

கேள்வி: நிழல் முகத்துக்கு ஃப்ளாஷ் அடிக்கலாமா? (வாசகர், காரைக்கால்)

பதில்: நினைவுத்தூண் முன்னால் ஊர்க்காரர்கள் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ள விரும்பினால் அடிக்கலாம். ஒன்றரை ஸ்டாப் குறைத்து, ஹை ஸ்பீட் சிங்க் (வேகமான ஷட்டரிலும் ஃப்ளாஷ் வேலை செய்யும் வசதி) வைத்து. பால் ஊற்றும்போதும் அழும்போதும் கூடாது. அங்கே ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுங்கள், படத்தில் மணிமணியாகப் புள்ளி இரைச்சல் வந்தால் வரட்டும்.

கேள்வி: உப்புக்காற்றில் கேமராவைக் காப்பது எப்படி? போன ஆண்டு முதல் அரை மணி நேரம் லென்ஸ் முழுக்கப் பனி. (வாசகர், தூத்துக்குடி)

பதில்: ஏ.சி. அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்குப் போயிருப்பீர்கள். குளிர்ந்த கண்ணாடிமேல் ஈரக்காற்று பட்டதும் நீராகப் படியும். முந்தைய இரவே பையை ஏ.சி. இல்லாத இடத்தில் வையுங்கள். அல்லது மூடிய பைக்குள்ளேயே அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். படிந்த பனியைத் துடைத்துக்கொண்டே இருந்தால் கண்ணாடி சூடாகும்வரை திரும்பத் திரும்பப் படியும், கோடுகளும் விழும்.

உப்புக்கு: லென்ஸ் ஹுட் கட்டாயம். சூரியனை எதிர்கொள்ளும்போது யு.வி. ஃபில்டரைக் கழற்றுங்கள், அதன் இரண்டு தட்டைப் பரப்புகளும் கூடுதல் ஒளிப்புள்ளிகளை உண்டாக்கும். துளி காற்றோடு வரும் திசையில் நிற்கும்போது மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள். மைக்ரோஃபைபர் துணி நான்கு, ஜிப் பைகளில் தனித்தனியாக. அவற்றில் ஒன்றை நன்னீரில் நனைத்துப் பிழிந்து வையுங்கள். காய்ந்த உப்பு துகளாக இருக்கும், உலர்ந்த துணியால் தேய்த்தால் பூச்சில் கீறும். முதலில் காற்றூதி, பிறகு ஈரத்துணி, கடைசியில் உலர்துணி. வீட்டுக்கு வந்ததும் உடல், லென்ஸ் வளையம், பட்டைக் கொக்கி எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் உலரவிட்டுப் பிறகு அலமாரியில் வையுங்கள். ஈரத்தோடு மூடிய பெட்டியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: படகுகள் வட்டமாக நிற்பதை ட்ரோனில் எடுக்க ஆசை. (வாசகர், மாமல்லபுரம்)

பதில்: ட்ரோன் விதிகள் 2021-இன்படி அந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் பார்த்துவிட்டு, உள்ளூர்க் காவல் நிலையத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஊருக்குத் தெற்கே கல்பாக்கம் அணுமின் வளாகம் இருப்பதால் இதில் அலட்சியம் கூடாது.

பறக்கவிடுவதைக் கரையிலிருந்து செய்யுங்கள். ஆடும் படகிலிருந்து கிளப்பினால் சமநிலை உணர்கருவி சரியாகத் தொடங்காது. கிளம்பிவிட்டாலும், தானாகத் திரும்பச் சொல்லும்போது அது கிளம்பிய இடத்துக்குத்தான் போகும். படகு அதற்குள் நகர்ந்திருக்கும், ட்ரோன் கடலில் இறங்கும். நீர்மேல் தாழப் பறந்தால் கீழ்நோக்கிய உணர்கருவி அலையைப் பார்த்துக் குழம்பி இடம் நழுவும். பத்து மீட்டருக்குக் கீழே போகாதீர்கள். எட்டரை மணிக்கு நேராகக் கீழே பார்த்து எடுத்தால் பளபளப்பு சட்டத்துக்குள் வராது, கேமராவைச் சூரியன் பக்கம் சாய்க்கச் சாய்க்க வரும்.

சத்தம்தான் எங்கள் பெரிய தயக்கம். ஒரு நிமிட மௌனத்தில் தலைக்குமேல் இரைந்துகொண்டிருக்கும் கருவியை எவரும் மன்னிக்க வேண்டியதில்லை. மௌனம் முடிந்து, பூக்கள் நீரில் பரவிய பிறகு கிளப்புங்கள். மேலிருந்து அழகாகத் தெரிவதும் அப்போதுதான்.

கேள்வி: ஹிரோஷிமாவில் வேலை பார்க்கிறேன். ஆகஸ்ட் 6 மாலை ஆற்றில் விளக்கு மிதக்கவிடுவதை எடுக்க வேண்டும். விளக்குகள் வெறும் வெள்ளைப் பொட்டாக வருகின்றன. (வாசகர், ஜப்பான்)

பதில்: நேரம் தாண்டி எடுக்கிறீர்கள். முழு இருட்டில் விளக்குக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வேறுபாட்டை எந்த சென்சாரும் தாங்காது. அங்கே அன்று சூரிய அஸ்தமனம் ஏழு மணி பத்து நிமிடத்தை ஒட்டி. அணுகுண்டுக் குவிமாடம் மொதோயாசு ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது. மேற்குக் கரையின் அமைதிப் பூங்கா பக்கமிருந்து பார்த்தால் ஆறு, விளக்குகள், குவிமாடம் மூன்றும் ஒரே சட்டத்தில் வரும். ஆனால் நீங்கள் கிழக்கே பார்க்கிறீர்கள், கிழக்கு வானம்தான் முதலில் இருளும். 7.20 முதல் 7.40 வரைக்குமான அந்த இருபது நிமிடம் வானத்தின் நீலமும் காகிதத்தின் மஞ்சளும் ஏறக்குறைய சமமாக நிற்கும். அதற்கு முன்பே இடம் பிடித்துவிடுங்கள், கரைச்சுவர் ஓரம் நெரிசலாக இருக்கும்.

அளவு: எஃப் 2.8, 1/60, ஐ.எஸ்.ஓ. 3200-இல் தொடங்குங்கள். ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) மூன்று நிறங்களையும் தனித்தனியாகப் பாருங்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்பு மட்டும் முதலில் முட்டிவிடும், பொது வரைபடம் அதைக் காட்டாது. காகிதத்தில் எழுதிய வரிகள் படிக்க முடிகிற அளவுக்குக் குறையுங்கள், அதுதான் சரியான அளவு. ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) ஆட்டோவில் விட்டால் விளக்கின் வெம்மையைத் துடைத்துவிடும். 3500 கெல்வினை ஒட்டிப் பூட்டுங்கள்.

விளக்கு விடுபவரின் முகத்துக்கு எஃப் 1.8, 1/60, ஐ.எஸ்.ஓ. 6400 வரை போகலாம். அவர் விளக்கை நெஞ்சளவில் பிடித்திருக்கும்போது எடுங்கள். நீரில் வைத்த பிறகு வெளிச்சம் கீழிருந்து அடித்து கண்குழி இருண்டுவிடும். ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்தால் விளக்குகள் கோடாகும். அரை நொடிவரை தனித்தனி விளக்காகத் தெரியும், பல நொடி ஆனால் வெறும் ஒளிப்பட்டைதான். ஒவ்வொரு விளக்கும் ஒருவருக்காக விடப்படுவது, அதனால் கோடாக்காமல் விடுங்கள் என்பது எங்கள் கருத்து. இன்னொன்று: அந்த ஆற்றில் கடலின் ஏற்றவற்றம் உண்டு. அன்று மாலை ஏற்றமா வற்றமா என்று பார்த்துக்கொண்டால் விளக்குகள் எந்தப் பக்கம் நகரும் என்று முன்பே தெரியும்.

கேள்வி: கலிஃபோர்னியாவில் இறந்துபோன அலைச்சறுக்கு வீரர் ஒருவருக்காக நண்பர்கள் பலகையில் நீந்திப் போய் வட்டமாக அமரும் அஞ்சலி. அழைத்திருக்கிறார்கள். (வாசகர், அமெரிக்கா)

பதில்: அந்தக் கரையில் சூரியன் கடலில் மறைகிறது, நம் கரைக்கு நேர்மாறு. அதனால் காலை நிகழ்ச்சியானால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், சிக்கல் குறைவு. கோடைத் தொடக்கத்தில் கடல்மேகம் மூடி வெளிச்சம் சப்பென்று இருக்கும். முகங்களுக்கு அது நல்லது, அரை ஸ்டாப் கூட்டி எடுத்தால் போதும். மாலையானால் நாகைக்குச் சொன்னதெல்லாம் பொருந்தும். ஹன்டிங்டன் பீச்சில் உள்ளதுபோல் கடலுக்குள் நீளும் பாலம் இருந்தால் அதன்மேல் 70-200-உடன் நில்லுங்கள், வட்டம் வட்டமாகத் தெரிய உயரம் வேண்டும்.

எல்லாரும் ஒன்றாகக் கைகளால் நீரை வாரி இறைத்துக் குரல் எழுப்புவார்கள். அதற்கு 1/2000. துளிகளுக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால்தான் அவை ஒளிரும், ஆக அந்த ஒரு நொடிக்கு மட்டும் சூரியன் எதிரே இருப்பது நல்லது. நீரில் இறங்கி எடுப்பதானால் நீர்க்காப்புப் பெட்டியின் வளைகண்ணாடியை ஒவ்வொரு முறையும் நீரில் முக்கி உடனே எடுங்கள். பாதி காய்ந்த துளிதான் படத்தைக் கெடுக்கும். பூமாலை போடுவதானால் நாரையும் நூலையும் உருவிவிட்டுப் பூவை மட்டும் விடுவது அவர்கள் வழக்கம், கடல் உயிர்களைச் சுற்றிக்கொள்ளாமல் இருக்க.

கேள்வி: அழுகிறவர்களைப் படமெடுக்கலாமா? (வாசகர், வேளாங்கண்ணி)

பதில்: முந்தைய நாளே ஊருக்குப் போங்கள். பல ஊர்களில் நினைவு நாளன்று தொழிலுக்குப் போவதில்லை, முதல் நாள் மாலையே ஏற்பாடுகள் தொடங்கிவிடும். பஞ்சாயத்தாரிடமும், முடிந்தால் அந்தக் குடும்பங்களிடமும் நேரில் கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றால் அவர் நிற்கும் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். ஒப்புக்கொண்டவர்களையும் 24 மி.மீ. வைத்து முகத்தருகே போய் எடுக்க வேண்டாம். 135 முதல் 200 வரை வைத்து எட்டுப் பத்து மீட்டர் தள்ளி நின்றால் போதும். சத்தமில்லா ஷட்டர் வையுங்கள். எடுத்த படத்தை அங்கேயே திரையில் காட்டச் சொல்லி யாரும் கேட்டால் காட்டுங்கள், அழிக்கச் சொன்னால் அழியுங்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கூட்டத்தில் நிற்பவர்களில் யார் யாரை இழந்தவர் என்று உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: திரையில் நன்றாகத் தெரிகிற படம் பிரிண்டில் இருண்டுவிடுகிறது. குடும்பங்களுக்குக் கொடுக்க வேண்டும். (வாசகர், சீர்காழி)

பதில்: உங்கள் திரை அதிக வெளிச்சத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து முகத்தைச் சரிசெய்தால் காகிதத்தில் ஒரு ஸ்டாப் குறைந்துதான் வரும். திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள்.

திருத்தும் வரிசை: முதலில் மொத்த வெளிச்சம், பிறகு ஹைலைட்டைக் குறைப்பது, பிறகு முகங்களுக்கு மட்டும் மாஸ்க் போட்டு அரை முதல் முக்கால் ஸ்டாப் ஏற்றுவது. ஷேடோவை மொத்தமாக இழுத்து ஏற்றினால் தலைமுடியைச் சுற்றியும் அடிவானத்திலும் வெள்ளை விளிம்பு விழும், படகின் இருண்ட பக்கத்தில் வண்ண இரைச்சல் கிளம்பும். ஆட்களையோ படகையோ ஏ.ஐ. கொண்டு நீக்காதீர்கள். அன்று யார் இருந்தார்கள் என்பதற்கு இந்தப் படம் ஆவணம்.

எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலம் போதும். 2400-க்கு 3600 பிக்சல், எஸ்.ஆர்.ஜி.பி. ஜேபெக். லேபில் தானியங்கித் திருத்தம் வேண்டாம் என்று சொல்லுங்கள், எதிர்வெளிச்சப் படங்களை அது மறுபடி இருட்டாக்கும். மொத்தமாகப் போடுமுன் ஒரே படத்தை மூன்று வெளிச்ச அளவில் சிறியதாகப் போட்டுப் பார்த்து, வீட்டுக்குள் டியூப்லைட்டில் எது தெளிவாகத் தெரிகிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் படம் மாட்டப்போவது வீட்டுச் சுவரில்தான். மேட் காகிதம் நல்லது, கிளாஸியில் ஜன்னல் பிரதிபலிக்கும். பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முகத்தில் தடம் விழும். மெல்லிய மார்க்கரால் ஓரத்தில் தேதி, ஊர், இடமிருந்து வலமாகப் பெயர்கள் எழுதி, மை காய்ந்த பிறகு அடுக்குங்கள்.